கழற்றிய சோலார் பேனல்: விற்பதா, நொறுக்குவதா, பிரித்தெடுப்பதா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மாடியில் போட்ட 250 வாட் பேனல்களைக் கழற்றிவிட்டு 540 வாட் பேனல் மாட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. அதே இடத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் கூடுதலாகக் கிடைக்கிறது. சரி, பழசை என்ன செய்வது? "காயலான் கடைக்குப் போட்டுடலாம் சார்" என்பதுதான் பல இன்ஸ்டாலர்களின் பதில். அங்கே அலுமினியச் சட்டமும் செம்பு வயரும்தான் பணம். மிச்சம் குப்பைமேட்டுக்குப் போகிறது, சில இடங்களில் எரிக்கவும் செய்கிறார்கள். பற்றவைப்பில் ஈயமும், பல பேனல்களின் பின்தாளில் ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. எனவே இந்த வழியை ஒப்பீட்டுக்கே நான் எடுக்கவில்லை.

முதல் வழி மறுபயன்பாடு. நல்ல பேனல் ஆண்டுக்கு அரை முதல் முக்கால் சதவீதம்தான் திறன் இழக்கும். அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு வயதான 250 வாட் பேனல் இன்னும் 225 வாட்டுக்குமேல் தர வேண்டும். அதைக் குப்பை என்பது அநியாயம். ஆனால் மல்டிமீட்டரில் வோல்ட் காட்டுகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். சோர்ந்த பேனலும் வோல்டேஜை ஒழுங்காகவே காட்டும், லோடு கொடுத்து ஆம்பியர் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பின்தாளை விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புபோல வெள்ளைப் பொடி ஒட்டினாலோ, வெடிப்பு தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். அதன் மின்காப்பை நம்ப முடியாது. மின்காப்பை அளக்கும் மெகர் சோதனையும் அவசியம்.

பழைய பேனலைப் புது வரிசையில் தொடராக இணைக்கக் கூடாது. ஒரு பேனல் சோர்ந்தால் வரிசை முழுவதன் கரண்டையும் அது இழுத்துப் பிடிக்கும். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் சூர்யா கர் மானியத்துக்கும் இவை ஆகாது. மாட்டுக்கொட்டகை விளக்கு, மோட்டார் ரூம் பேட்டரி போன்ற தனி வேலைகளுக்குப் பொருந்தும். அங்கும் ஒரு கவனம் தேவை. 250 வாட் ரகமான 60 செல் பேனல் சுமார் 30 வோல்ட்டில் வேலை செய்கிறது. அதை, பேனலின் வோல்டேஜைப் பேட்டரி அளவுக்கு இறக்கிவிடும் மலிவான பிடபிள்யூஎம் சார்ஜ் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால் பாதிக்குமேல் வீண். மிகுதி வோல்டேஜைக் கரண்டாக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் வாங்கினால்தான் பழைய பேனல் லாபம்.

இரண்டாவது, நொறுக்கி மறுசுழற்சி. சட்டத்தையும் ஜங்ஷன் பாக்ஸையும் கழற்றிவிட்டு மீதியை அரைப்பார்கள். செலவு குறைவு. ஆனால் கண்ணாடித் தூளில் சிலிக்கான் துகளும் பிளாஸ்டிக்கும் கலந்துவிடுவதால், பெரும்பாலும் கண்ணாடிக் கம்பளி போன்ற கீழ்நிலைப் பொருளாகத்தான் அது மாறுகிறது.

மூன்றாவது, முழுப் பிரிப்பு. வெப்பத்தால் ஒட்டுப்படலத்தை நீக்கி, வேதிமுறையில் வெள்ளியையும் சிலிக்கானையும் மீட்கிறார்கள். பிரான்சில் ரோசி நிறுவனம் லா மியூர் என்ற ஊரில் இதைச் செய்கிறது. பேனல் எடையில் வெள்ளி 0.1 சதவீதத்துக்கும் குறைவு, மதிப்பிலோ அதற்குப் பெரும்பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் எடையில் 80 சதவீதத்தை மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ கொண்டுவரச் சொல்கிறது. கண்ணாடியும் அலுமினியமும் சேர்ந்தாலே அந்த இலக்கை எட்டிவிடலாம் என்பதால், வெள்ளியை விட்டுவிட்டும் கணக்கு காட்டலாம். எடையை மட்டும் அளக்கும் இலக்கு போதாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளுக்குள் பேனல்களும் வந்துவிட்டன. உற்பத்தியாளர்கள் 2034-35 வரை பேனல் கழிவைச் சேமித்து வைக்க வேண்டும் என்கின்றன விதிகள்.

என் வரிசை இது: சோதனையில் தேறியது மறுபயன்பாட்டுக்கு, தேறாதது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம், வசதி இருந்தால் முழுப் பிரிப்புக்கு. ஆனால் இந்தத் தேர்வு மாடியிலேயே பாழாகிவிடுகிறது. அவசரத்தில் பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிரிக்காமல் கேபிளை வெட்டுகிறார்கள், பேனல்மேல் ஏறி நடக்கிறார்கள், படுக்கவைத்து அடுக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் செல்கள் விரிசல் விடுகின்றன. ஆகவே கழற்றும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: கேபிளை வெட்டக் கூடாது, பேனலை நிமிர்த்தி, இடையில் அட்டை வைத்துத்தான் ஏற்ற வேண்டும், மறுசுழற்சியாளரின் ரசீது வந்த பிறகே கடைசித் தவணை.