நாகசந்திரா ஐகியா: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, வீட்டு உரிமையாளர் கேட்ட முன்பணத்தைக் கட்டி முடித்த குடும்பத்திடம் மேசை, நாற்காலி, அலமாரி வாங்க மிஞ்சுவது சொற்பத் தொகைதான். அத்தகையோர், 2022 ஜூன் மாதம் நாகசந்திரா மெட்ரோ நிலையத்தை ஒட்டித் திறக்கப்பட்ட ஐகியா கடைக்குத் தாராளமாகப் போகலாம். ஐகியா, வீட்டுச் சாமான்களைப் பெரும்பாலும் தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் விற்கும் சுவீடன் நாட்டு நிறுவனம்; பாகங்களைத் திருகாணியால் பூட்டிக்கொள்வது வாங்குபவர் வேலை. ஆனால் வீட்டுக்கு வேண்டிய அனைத்தையும் அங்கேயே வாங்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

விலையைவிட நான் மதிப்பது, பொருள் எதனால் ஆனது, எவ்வளவு எடை தாங்கும் என்பதை அக்கடை எழுத்தில் தெரிவிப்பதைத்தான். உள்ளூர்க் கடைகள் பலவற்றில் இதைக் கேட்டால் "நல்ல மரம் சார்" என்பதற்கு மேல் பதில் கிடைப்பதில்லை. 'லாக்' என்ற சிறு மேசையைப் பாருங்கள். 55 செ.மீ. சதுரமான இதன் மேற்பலகை கனமாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது தேன்கூடு போல் மடிக்கப்பட்ட காகிதம். தாங்கும் எடை 25 கிலோ என்று குறித்திருக்கிறார்கள். ஓர் அரிசி மூட்டையோடு அது முடிந்துவிடுகிறது. தேநீர்க் கோப்பைக்கும் செய்தித்தாளுக்கும் இதைவிட மலிவாக ஒன்று தேட வேண்டியதில்லை. அதன்மேல் மாவரைக்கும் கிரைண்டரை வைப்பதோ, பிள்ளைகளை ஏறி நிற்க விடுவதோ கூடாது.

1979 முதல் விற்பனையில் இருக்கும் 'பில்லி' புத்தக அலமாரியின் 80 செ.மீ. அகலமுள்ள வகையில் தட்டுக்கு 30 கிலோ வரை வைக்கலாம். தடித்த நூல்களை இரட்டை வரிசையாகத் திணிக்காதவரை இது போதுமானது. ஆனால் இரண்டு மீட்டர் உயரமுள்ள இந்த அலமாரியைச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். பிணைப்பதற்கான பட்டை பெட்டியிலேயே வரும். சுவரின் தன்மைக்கேற்ற திருகாணிகளை நாம்தான் தனியாக வாங்க வேண்டும். இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததை அடுத்து, இந்நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆகவே, சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதைக் கேட்டறிந்த பிறகே உயரமான எதையும் வாங்க வேண்டும்.

மலிவு விலைப் பொருள்களில் பெரும்பாலானவை மரத்தூளையும் மரச்சில்லுகளையும் பசையிட்டு அழுத்திய பலகைகள். இவற்றுக்கு முதல் பகை தண்ணீர். வெள்ளிக்கிழமைதோறும் வாளியில் தண்ணீர் எடுத்து வீடு கழுவிவிடும் நம் வழக்கத்தில், தரையைத் தொடும் விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. அடுத்த பகை வீடு மாற்றம். ஒருமுறை பூட்டிய திருகாணியைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது துளை தளர்ந்து பிடிமானம் குறையும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

எனவே, கையிருப்பைப் பிரித்துச் செலவிடுவதே சரி. முழுப் பைன் மரத்தாலோ இரும்பாலோ ஆன முக்காலிகள், திறந்த அடுக்குகள், விளக்குகள் ஆகியவற்றை இங்கே வாங்கலாம். பைன் மென்மையான மரம். எளிதில் கீறல் விழும், ஆனால் தேய்த்து வண்ணம் பூசிக்கொள்ள முடியும். கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நான் பழைய சாமான் கடைகளைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே கிடைக்கும் பழைய தேக்குக் கட்டிலை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். இரும்பு பீரோவில் அடிப்பகுதித் துருவையும் பூட்டையும் மட்டும் பார்த்தால் போதும். மரச்சாமானைக் கவிழ்த்து, மூட்டுகளின் அடியில் மாவு போன்ற தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஐகியாவில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கும் பூட்டித் தருவதற்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. இரண்டையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே உள்ளூர்த் தச்சர் சொல்லும் தொகையோடு ஒப்பிட வேண்டும். காட்சிக்கு வைத்தவையும் வாடிக்கையாளர் திருப்பித் தந்தவையும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பகுதிக்கும் ஒருமுறை சென்று பாருங்கள். அவற்றில் பல ஏற்கெனவே பூட்டப்பட்டவை என்பதால், அசைத்துப் பார்த்தும் திருகாணித் துளைகளைக் கவனித்தும் வாங்க முடியும்.