வகுப்பைப் பிரிப்பதா, நிலையறிந்து கற்பிப்பதா?

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் திரட்டித் தந்த தொகையை எதற்குச் செலவிடுவது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியபோது, இரண்டு யோசனைகள் எஞ்சின: கூடுதலாக ஓர் ஆசிரியரை அமர்த்திப் பெரிய வகுப்பை இரண்டாகப் பிரிப்பது, அல்லது, எந்த வகுப்பு என்று பாராமல் வாசிப்பு நிலையை மட்டும் பார்த்துக் குழந்தைகளைக் குழுக்களாக்கி, மாலையில் உள்ளூர்த் தன்னார்வலரைக் கொண்டு கற்பிப்பது. இரண்டாவதைத் தேர்ந்தோம், அதுவே சரி என்று இன்றும் சொல்வேன்.

சிறிய வகுப்புக்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கிய ஸ்டார் ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பினர் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பினரைவிட நன்றாகத் தேறினர். ஆனால் 1996இல் கலிபோர்னியா மாநிலம் முழுவதும் வகுப்புகளைச் சிறிதாக்க முனைந்தபோது, தகுதிச் சான்று பெறாதவர்களையும் ஆசிரியர்களாக அமர்த்த நேர்ந்தது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது தொடர்செலவு. ஆசிரியர் ஊதியம் மாதந்தோறும் தரவேண்டியது. நன்கொடை நின்ற மாதமே பிரித்த வகுப்பு மீண்டும் ஒன்றாகிவிடும். அந்த ஒருவரின் ஊதியத்தில் தன்னார்வலர் பலருக்கு ஊக்கத்தொகை தரலாம்: 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அது மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் பால்சகித் திட்டத்தில், பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கற்பித்த உள்ளூர்ப் பெண்கள் பெற்றது 500 முதல் 750 ரூபாய் வரை. இரண்டு திட்டங்களிலும் பிள்ளைகளின் கற்றல் உயர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். மேலும், பிரித்த இரண்டு வகுப்பிலும் அதே பாடம் அதே வேகத்தில் நடந்தால், ஐந்தாம் வகுப்பிலும் எழுத்தின் கீழ் விரல் வைத்து 'ம...ர...ம்' என்று கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? மேற்குக் கென்யாவில் பொருளாதார அறிஞர்கள் டுஃப்லோ, டுபா, கிரெமர் மூவரும் நடத்திய ஆய்வில், கூடுதல் ஆசிரியரை அமர்த்தியதால் வகுப்பின் அளவு ஏறக்குறையப் பாதியாகியும் பழைய ஆசிரியரிடமே படித்தவர்களின் தேர்ச்சி பெரிதாக உயரவில்லை. தொடக்க மதிப்பெண்ணின்படி பிரித்த பள்ளிகளில் மெல்லக் கற்போரும் விரைந்து கற்போரும் முன்னேறினர்.

எங்கள் அனுபவம் 3 முதல் 5 வரையிலான வகுப்புகளோடு சரி. உயர்நிலைக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் இதை அப்படியே பரிந்துரைக்கத் துணியமாட்டேன். பால்சகியின் பயனில் பெரும்பகுதி, திட்டம் முடிந்த ஓராண்டில் தேய்ந்ததையும் மறைக்கலாகாது. தன்னார்வலர்கள் திருமணம், வேலை என்று இடையில் விலகுவார்கள் என்பதால், புதியவருக்குப் பயிற்சி தருவதற்கான தொகையைத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.