பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: பல வருடம் தாக்குப்பிடித்த பாடங்கள்

பாரிஸின் வடக்குப் புறநகரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை என் பிள்ளைகளுக்கு இசை எடுப்பார். அந்த நேரத்தில் அவர் பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் எடுப்பேன். இங்கே முதல் வகுப்பிலிருந்தே ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். வருடத்துக்கு 54 மணி நேரம், வாரக் கணக்கில் ஒன்றரை மணி. தொடக்கப் பள்ளி முடியும்போது மொழித்திறனுக்கான ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 என்ற தொடக்க நிலைக்கு வந்திருக்க வேண்டும். இந்த ஒன்றரை மணியை ஒரே நாளில் கொட்டினால் அடுத்த வாரம் ஒன்றும் மிஞ்சாது. இருபது நிமிடத் துண்டுகளாக்கி வாரம் முழுக்கப் பரப்புங்கள்.

வருடக்கணக்காகப் பயன்படுத்தியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: பிள்ளைகளுக்கு பிரெஞ்சிலேயே விதி தெரிந்த விளையாட்டைத்தான் ஆங்கிலப் பாடமாக்க வேண்டும். புது விளையாட்டு என்றால் விளக்கவே பத்து நிமிடம் போகும், அதுவும் பிரெஞ்சில். ‘ஜாக் அ தி’ என்ற, சொன்னதைச் செய்யும் விளையாட்டு இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்; ஆங்கிலத்தில் அதுதான் ‘சைமன் சேஸ்’. ‘சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்’ என்று நான் தொடங்கிய உடனே வகுப்பே மூக்கைத் தொட்டுவிடும், விளக்கமே வேண்டாம். கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்ல வைக்கும் இந்த முறையை 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் முன்வைத்தார். ஆறு, ஏழு வயசுக்கு இதைவிட நல்ல தொடக்கம் நான் பார்த்ததில்லை. பெரிய பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். அப்போது கட்டளை சொல்லும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். வாயே திறக்காத பிள்ளைகூட முன்னால் வந்து நின்று அதிகாரம் பண்ணும்!

என் நட்சத்திர விளையாட்டு ‘கிம்’. மேசையில் சில பொருட்களைப் பரப்பி, துணியால் மூடி, ஒன்றை எடுத்துவிட்டு, என்ன காணோம் என்று கேட்பது. இதைப் பன்மைக்காக நான் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறேன். பிரெஞ்சில் பன்மை ‘எஸ்’ எழுத்தில் இருக்கும், காதில் விழாது. முன்னால் வரும் சின்னச் சொல்தான் பன்மையைக் காட்டும். அதனால் ஆங்கிலத்தில் பிள்ளைகள் கடைசி ‘எஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள். மேசையில் மூன்று பென்சில் வைத்து, துணிக்கடியில் சில தடவை ஒன்றை எடுப்பேன், சில தடவை இரண்டை. ‘பென்சில்’ என்றால் ஒன்றுதான் திரும்ப வரும். ‘பென்சில்ஸ்’ என்றால்தான் இரண்டு. எடுத்தது இரண்டாக இருந்து, வந்தது ஒன்றானால், அந்தப் பிள்ளை மேசையையும் என் கையையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு ‘ஸ்ஸ்’ என்று இழுத்துச் சொல்லும். இலக்கண விளக்கம் எதுவும் இதைச் செய்ததில்லை.

‘கி எஸ்’ என்ற முகம் கண்டுபிடிக்கும் பலகை விளையாட்டும் நன்றாக ஓடுகிறது. கடையில் வாங்கியதைவிட, பிள்ளைகளே வரைந்த முகங்களை வைத்து ஆடுவதுதான் மேல்; தொப்பி, கண்ணாடி, நிறம் என்று நமக்குத் தேவையான சொற்களை வரையச் சொல்லலாம். நாம் ‘சிவப்புத் தொப்பி’ என்பதுபோல ஆங்கிலத்திலும் நிறம் முன்னால். பிரெஞ்சிலோ தொப்பிக்குப் பின்னால். ஆட்டத்தில் ஒரே வாக்கியத்தைப் பல தடவை கேட்க வேண்டியிருப்பதால் வரிசை தானாகப் படிந்துவிடுகிறது.

உச்சரிப்புக்கு இரண்டு பொருள் போதும். ஒன்று, மெல்லிய காகிதத் துண்டு. பிரெஞ்சில் ‘ஹ’ ஒலி கிடையாது. வாய்க்கு முன்னால் காகிதத்தைப் பிடித்து ‘ஹேட்’, ‘ஹவுஸ்’ சொல்லும்போது அது ஆட வேண்டும். சில நாளில் எல்லாம் ‘ஹ’ ஆகி, ‘ஐ ஆம்’ என்பது ‘ஹை ஹாம்’ ஆகும். பயப்பட வேண்டாம். காகிதம் ஆடக் கூடாத சொற்களையும் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, தடித்த ரப்பர் பேண்ட். ‘எலிஃபன்ட்’, ‘கிராகடைல்’, ‘பனானா’ போன்றவை பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே சொற்கள்தான், ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் கடைசி அசையை நீட்டுவார்கள். எந்த அசையில் அழுத்தமோ அங்கே ரப்பரை இழுக்கச் சொல்வேன். கை இழுக்கும்போது குரலும் கூடவே போகிறது.

எனக்கு ஒத்துவராதவை வண்ணம் தீட்டும் ஒர்க்‌ஷீட்டுகள். வகுப்பு அமைதியாக இருக்கும், ஆனால் ஆங்கிலமும் அமைதியாகவே இருக்கும். பாட்டு வீடியோக்கள் பரவாயில்லை; அபிநயம் சேர்த்துப் பாடினால்தான் எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று பிள்ளைக்குப் பிடிபடுகிறது.

அப்புறம், எழுத்து. பலர் முதல் நாளே படத்துக்குக் கீழே சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். சேபே எனப்படும் முதல் வகுப்புப் பிள்ளைகள் அப்போதுதான் பிரெஞ்சு எழுத்துக்கூட்டக் கற்கிறார்கள். ‘டேபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் ‘தாப்ல்’ என்றும், ‘சிக்ஸ்’ என்பதை ‘சீஸ்’ என்றும் படிப்பார்கள். வாயில் உட்கார்ந்திருந்த ஒலிகூடக் கலைந்துவிடும். சின்ன வகுப்புகளில் பாடத்திட்டமே பேச்சுக்குத்தான் முதலிடம் தருகிறது. நான் சொல்லைப் பல நாள் காதுக்கும் வாய்க்கும் மட்டும் கொடுத்து, கிம் விளையாட்டில் தயங்காமல் வர ஆரம்பித்த பிறகே அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் எப்போதும் வெறும் படம்தான்.