கிட் கிளைகள்: ரப்பர் பில்லிங்கில் சில ஆண்டுகள்

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, கிளையை அழிப்பது. கிளை என்பது முதன்மை நிரலைத் தொடாமல் வேலை செய்யப் பிரிக்கும் தனித் தடம். குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளை நாகர்கோவிலில் நாங்கள் சிலர் எழுதிவருகிறோம். ஷீட்டுக்குத் தரவாரியாக விலை, பாலுக்கு டி.ஆர்.சி. (அதிலுள்ள உலர் ரப்பரின் விகிதம்) பார்த்து விலை, ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. புதிதாக எதைச் சேர்த்தாலும் அதற்கொரு கிளை; முதன்மைக் கிளையில் இணைந்த அன்றே அதை நீக்கிவிடுவோம்.

கிட்டுக்கு முன்பு, அதே வேலைக்கு சப்வெர்ஷன் என்ற மென்பொருள் இருந்தது. அதிலும் கிளை பிரிக்கச் செலவு குறைவுதான், சர்வரில் ஒரு நகல், அவ்வளவே. ஆனால் சர்வர் எட்டாவிட்டால் கமிட் செய்யவே, அதாவது மாற்றத்தைப் பதியவே, வழியில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தால் அன்றைய வேலையும் போயிற்று. கிட் வந்தபின் மடிக்கணினியில் பேட்டரி இருக்கும்வரை கிளை பிரிக்கிறோம், கமிட் செய்கிறோம், இணைக்கவும் செய்கிறோம். திருவனந்தபுரம் ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் கவலையில்லை.

கிட்டைப் போலவே 2005-இல் வந்த, அதே வகை மென்பொருளான மெர்க்குரியலையும் கொஞ்ச காலம் வைத்திருந்தோம். கட்டளைகள் தெளிவானவை, இந்த விஷயத்தில் கிட் இன்றுவரை அதை எட்டவில்லை என்பேன். ஆனால் அங்கே கிளையின் பெயர் ஒவ்வொரு கமிட்டிலும் கல்வெட்டுப் போலப் பதிந்துவிடும். கிளையை மூடலாம், பெயர் போகாது. இரண்டு நாள் சோதனைக்கு அது அதிகம். புக்மார்க் என்ற இலகுவான வழியும் அதில் உண்டு. எங்கள் குழுவில் அது ஒட்டவில்லை.

கிட்டிலும் அழிப்பதில் ஓர் இடறல் உண்டு. ஒரு கிளையின் கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கி (ஸ்குவாஷ்) இணைத்தால், முதன்மையில் சேர்வது வேறு அடையாள எண் கொண்ட புதிய கமிட். அதனால் நீக்கும் கட்டளையில் சிறிய டி (-d) கொடுத்து நீக்கப் போனால், 'இன்னும் இணைக்கப்படவில்லை' என்று கிட் மறுத்துவிடும். இணைந்ததா என்று பாராமல் நீக்கும் பெரிய டி (-D) கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் பயந்து, செத்த கிளைகளைச் சேர்த்துவைக்கிறார்கள். பயம் தேவையில்லை. அதே கணினியில் அந்தக் கிளையில் வேலை செய்திருந்தால், கடைசி கமிட்டின் எண் ரெஃப்லாகில் (அந்தக் கணினியில் கிட் வைத்திருக்கும் நடமாட்டக் குறிப்பில்) இருக்கும். இயல்பு அமைப்பில் 30 நாளாவது தங்கும். அந்த எண்ணைக் கொண்டு கிளையை மீண்டும் எழுப்பிவிடலாம்.

பாதி வேலையில் வியாபாரி அழைத்து, பில் தவறாக வருகிறது என்பார். அதற்கு ஒர்க்ட்ரீ. 2015 முதல் கிட்டில் இருக்கிறது. ஒரே களஞ்சியத்தின் இன்னொரு கிளையை வேறு கோப்புறையில் திறந்து தரும். கைவேலையை அப்படியே விட்டுவிட்டு அங்கே போய்த் திருத்தலாம். பாதி வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் ஸ்டாஷை நான் ஏறக்குறைய மறந்தே விட்டேன்.

பெயரிடுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கிளை என்பது வழக்கமாக, கமிட் எண்ணின் 40 எழுத்துகளும் ஒரு வரிமுடிவும் கொண்ட 41 பைட் கோப்பு. பெயரில் சாய்கோடு வந்தால், அதற்கு முன்னுள்ளது கோப்புறையாகும். ஆகவே 'பால்' என்றொரு கிளை இருக்கும்போது 'பால்/விலை' என்று இன்னொன்றைத் தொடங்க முடியாது. ஒரே பெயர் கோப்பாகவும் கோப்புறையாகவும் இருக்க இயலாதல்லவா? பிழைச்செய்தி இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. விண்டோஸில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் நம்பிப் பெயர் வைத்தாலும் இதே மாதிரி மோதும். நாங்கள் வேலை எண்ணையே முன்னால் போட்டு, எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைக்கிறோம்.