குறட்டைக்காரரின் ரத்தத்தில் எதைப் பார்ப்பது: ஈஎஸ்ஆரா, ஐஎல்-6ஆ, சிஆர்பியா?

ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் கோளாறு, உள்ளவர் தூங்குவதைப் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். குறட்டை சட்டென்று நிற்கும். 10 விநாடி, 20 விநாடி சத்தமே இருக்காது. அப்புறம் முங்கி எழுந்தவர் போல ஒரு பெரிய மூச்சு. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கி ஏறுகிறது. இரவு முழுக்க இப்படியே நடந்தால் உடலில் அழற்சி கிளம்புகிறது: ஐஎல்-6 என்ற புரதம் சுரக்க, அதன் தூண்டுதலில் கல்லீரல் சிஆர்பி என்ற இன்னொரு புரதத்தைத் தயாரிக்கிறது.

இந்த அழற்சியை அளக்க ஈஎஸ்ஆர் பார்ப்பது வீண். குழாயில் சிவப்பணுக்கள் 1 மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதுதான் அது. ரத்தசோகை, வயது, கர்ப்பம் என எதுவும் அதைக் கூட்டிவிடும்.

ஐஎல்-6 சங்கிலியில் முதலில் வருவதால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நேரத்துக்கு நேரம் மாறும். ஆய்வுகளுக்குச் சரி, வழக்கமான பரிசோதனைக்கு ஒத்துவராது.

மூன்றில் என் ஓட்டு சிஆர்பிக்கு, அதிலும் மிகச் சிறிய அளவையும் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி பரிசோதனைக்கு. சாதாரண சிஆர்பி ஆப்னியாவில் வரும் சின்ன உயர்வைத் தவறவிடலாம். இதய ஆபத்துக்கான கணக்கில், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைவு, 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் ஆப்னியாவைச் சந்தேகிக்கும் முன், சளியோ பல் வீக்கமோ இருந்ததா என்று யோசியுங்கள். அது ஆறிய பிறகு திரும்ப எடுக்கலாம்.

ஆனாலும் இதில் ஒரு சிக்கல், உடல் எடை. கொழுப்புத் திசுவே ஐஎல்-6ஐச் சுரக்கும். ஆப்னியாக்காரர்களில் பலர் பருமனானவர்கள். பிறகு எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆப்னியாவும் உடல் பருமனும் உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்து 24 வாரம் பார்த்தார்கள்: சிபாப் (முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும்) கருவி மட்டும், எடைக்குறைப்பு மட்டும், இரண்டும் சேர்த்து. எடையைக் குறைத்த இரு குழுக்களிலும் சிஆர்பி இறங்கியது. கருவி மட்டும் போட்டவர்களிடம் குறிப்பிடும்படி இறங்கவில்லை.

அதற்காகக் கருவியைக் கழற்றி வைத்துவிட வேண்டாம். அதன் வேலை மூச்சுக்குழாய் அடைபடாமல் காப்பது. அது நடக்கிறதா என்பதை மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற எண்தான் சொல்லும்: 5-க்குக் கீழ் இயல்பு, 30-க்கு மேல் தீவிரம். அந்த எண் தூக்கப் பரிசோதனையில் கிடைக்கும், ரத்தத்தில் அல்ல.