கரீபியன் கப்பல் பயணம்: கோடையில் போகலாமா?

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏறக்குறைய முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நீண்ட விடுமுறை என்றால் அது ஒன்றுதான். அதனால் ஹூஸ்டனில் வசிக்கும் நாங்கள் பல ஆண்டுகளாகக் கோடையில்தான் கப்பல் ஏறுகிறோம். பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து. சில முறை மயாமிக்கோ புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்கோ விமானத்தில் போய், அங்கிருந்து. குளிர்காலத்திலும் போயிருக்கிறோம் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மிக நல்ல மாதம். ஜூலையும் நல்ல மாதம்தான், ஆனால் கட்டணம் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு எந்தத் தீவுகளுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

முதலில் வெயில். கோடைக் கரீபியன் என்றதும் பலரும் இதைக் கேட்டுத்தான் தயங்குகிறார்கள். பகல் வெப்பம் பொதுவாக 31, 32 டிகிரி செல்சியஸ். சென்னையின் மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு வெயிலே இல்லை. புழுக்கம் உண்டு, ஆனால் தீவுகளின் மேல் கிழக்கிலிருந்து காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருப்பதால் நிழலில் நின்றால் உடம்பு தணிந்துவிடுகிறது. அஞ்ச வேண்டியது சூட்டுக்கு அல்ல, சூரியனின் கோணத்துக்கு. இந்தத் தீவுகள் பலவற்றில் மே மாதத்திலும் ஜூலை இறுதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. காற்று வீசுவதால் தோல் எரிவதே தெரியாது. மாலையில் குளிக்கும்போதுதான் தெரியும். நாங்கள் பின்பற்றும் முறை எளிமையானது. கப்பல் கரை சேர்ந்து இறங்க அனுமதித்தவுடன் முதல் ஆளாக இறங்குவது, பிற்பகல் ஒரு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுவது. பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை. சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பவளப்பாறைகளைக் காப்பதற்காக அருபா, போனேர், அமெரிக்க வெர்ஜின் தீவுகள் ஆகியவை அந்த வேதிப்பொருளைத் தடை செய்திருக்கின்றன.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் திடீரென்று கொட்டும், அரை மணி நேரத்தில் வெளுத்துவிடும். புயல் இல்லாத நாட்களில் மழையால் எங்களுக்கு ஒரு முழுநாள் வீணானதே இல்லை.

கோடையின் உண்மையான சிறப்பு கடல். நீரின் வெப்பநிலை 28, 29 டிகிரியில் இருப்பதால் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் கிடந்தாலும் நடுங்கிக்கொண்டு வெளியே வருவதில்லை. குராசோ தீவின் மேற்குக் கோடியில் பிளாயா கிராண்டி என்ற சிறிய மீனவக் கடற்கரை இருக்கிறது. வில்லெம்ஸ்டாட் துறைமுகத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம் ஆகும். காலையில் மீனவர்கள் சின்னப் படகுத்துறையில் உட்கார்ந்து மீனைக் கழுவிக் குடலையும் செதிலையும் தண்ணீரில் வீசுகிறார்கள். அந்த வாடைக்குப் பழகிய பச்சை ஆமைகள் கூட்டமாக வந்து சுற்றுகின்றன. இடுப்பளவு நீரில் முகமூடியை மாட்டிக்கொண்டு குனிந்தால் போதும். என் இளைய மகள் மிதவை அங்கியோடு அசையாமல் கிடந்தாள். அவளைவிட அகலமான ஓடு கொண்ட ஓர் ஆமை அவளுக்குக் கீழே வந்து, ஒரு மீன் தலையைக் கடித்து இழுத்து, மூச்சு விடுவதற்காக அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே தலையைத் தூக்கியது. அவள் மூச்சுக்குழாய் வழியாகக் கத்திய சத்தம் கரை வரை கேட்டது. ஆமைகளைத் தொடக் கூடாது, விரட்டிப் பின்னால் போகவும் கூடாது. நாம் சும்மா இருந்தால் அவையே அருகில் வருகின்றன.

குளிர்காலம்தான் எல்லா வகையிலும் மேல் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் வாடைக்காற்று மெக்சிகோ வளைகுடாவைக் கலக்கிவிடும். அந்த நாட்களில் மெக்சிகோவின் கோஸுமெல் தீவுத் துறைமுகத்தை மூடுவது உண்டு. கிராண்ட் கேமனில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்பதில்லை. சிறு படகுகளில்தான் பயணிகளை இறக்குகிறார்கள். அலை கொஞ்சம் உயர்ந்தாலே அந்த நிறுத்தம் ரத்தாகிவிடும். கால்வெஸ்டனில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கடல் மூடுபனி இறங்கினால் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே காத்துக் கிடக்கும். புயல் வராத கோடை வாரத்தில் மேற்குக் கரீபியன் கடல் இவை எதுவும் இல்லாமல் ஏரியைப் போலக் கிடக்கிறது. குமட்டலுக்குப் பயப்படுபவர்களுக்கு ஜூன் மாத மேற்கு வழித்தடத்தைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். அருபாவை நோக்கிப் போகும் கடற்பகுதியில் ஜூன், ஜூலையில் காற்று பலமாக இருக்கும். அங்கே கப்பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

இனி புயல். பருவம் ஆறு மாதம் என்றாலும் அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. செப்டம்பர் 10ஐ ஒட்டிய நாட்கள்தான் மிக மோசமானவை. இர்மா, மரியா இரண்டும் 2017 செப்டம்பரில் வந்தவை. டோரியன் பஹாமாஸைத் தாக்கியது 2019 செப்டம்பர் 1 அன்று. ஜூனிலும் ஜூலையிலும் சஹாராவிலிருந்து வரும் தூசி அட்லாண்டிக் மேல் படர்ந்து புயல் உருவாவதைத் தடுக்கிறது. வானம் சில நாள் வெளிறிப் பழுப்பாகத் தெரிவது அதனால்தான். ஆனாலும் அதையே நம்பி இருந்துவிட முடியாது. 2024இல் பெரில் புயல் ஜூலை 1 அன்று கிரெனடாவின் கரியாகூ தீவைச் சிதைத்தது. அன்றிரவே மிகக் கடுமையான ஐந்தாம் வகைக்கு உயர்ந்தது. அவ்வளவு முன்கூட்டி அந்த நிலைக்குப் போன அட்லாண்டிக் புயல் பதிவில் வேறு இல்லை. ஜூலை 5இல் யுகட்டானிலும் ஜூலை 8இல் டெக்சாஸிலும் கரை கடந்தது.

அந்த வாரம் நாங்கள் ஒரு குறும்பயணத்தில் இருந்தோம். புயல் காலக் கப்பல் பயணம் எப்படி இருக்கும் என்பதை அதில் முழுதாகப் பார்த்தோம். பயந்தபடி கப்பல் புயலுக்குள் சிக்கவில்லை. பெரும்பாலும் புயலைவிடக் கப்பல் வேகமானது. பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கையும் கிடைத்துவிடுவதால் மாலுமிகள் விலகி ஓட்டிவிடுகிறார்கள். சூப் கிண்ணம் மேசையில் சற்று நகர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் கோஸுமெல் ரத்தானது. திங்கட்கிழமை காலை திரும்ப வேண்டிய நாங்கள், துறைமுகம் மூடியிருந்ததால் செவ்வாய்க்கிழமைதான் கரை ஏறினோம். பயணத்தை விற்ற முகவர் அந்த நாட்களில் தொலைபேசியை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தால் மின்சாரம் இல்லை. ஹூஸ்டன் பகுதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருட்டில் கிடந்தன.

ஆகவே கோடைப் பயணத்தில் ஆபத்து உயிருக்கு அல்ல, திட்டத்துக்குத்தான். டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். எந்தத் துறைமுகத்தையும் மாற்றவோ விடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நிற்காத துறைமுகத்தின் வரியைத் திருப்பித் தருவார்கள். கரைச் சுற்றுலாவைக் கப்பல் வழியாகவே பதிவு செய்திருந்தால் அந்தப் பணமும் வந்துவிடும். வெளியாரிடம் பதிவு செய்தால் அவர்களின் விதிமுறைகள்தான். பயணக் காப்பீட்டை முன்பதிவு செய்யும்போதே வாங்கிவிட வேண்டும். புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது. ஒரு குறிப்பிட்ட தீவில் திருமணநாள் கொண்டாட வேண்டும், அந்தத் தேதியில் அங்கேதான் இருக்க வேண்டும் என்ற உறுதியோடு இருப்பவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரை விட்டுவிடுவது நல்லது.

அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் தெற்கே போங்கள். அருபா, போனேர், குராசோ மூன்றும் வெனிசுலாவுக்கு அருகில், ஏறக்குறைய 12 டிகிரி அட்சரேகையில் இருக்கின்றன. புயல்களின் வழக்கமான பாதை அவற்றுக்கு வடக்கே போகிறது. 2016இல் மேத்யூ போன்றவை உரசிச் சென்றதுண்டு, ஆனால் அரிது. மழையும் குறைவான, கள்ளிச்செடி வளரும் தீவுகள். கோடையில் பல கப்பல்கள் அலாஸ்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விடுவதால் தெற்குத் தீவுகளில் நெரிசலே இருக்காது. ஜனவரியில் நான்கைந்து கப்பல்கள் ஒரே நாளில் கொட்டும் கூட்டத்தில் நடந்துவிட்டு, அதே தெருவில் கோடையில் நடந்தால் ஊரின் முகமே வேறாகத் தெரிகிறது. பார்படாஸில் க்ராப் ஓவர் என்னும் கரும்பு அறுவடைத் திருவிழாவின் நிறைவு ஊர்வலம் ஆகஸ்ட் முதல் திங்களன்று நடக்கும். குளிர்காலப் பயணிக்கு அது கிடைக்காது.

மார்டினிக்கில் நிற்கும் வழித்தடம் அமைந்தால் விட்டுவிடாதீர்கள். 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தீவு அது. ஃபோர்ட் டி பிரான்ஸ் சந்தையில் கொலம்போ என்ற பெயரில் மசாலாப் பொடி விற்கிறார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம்; நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியின் மணம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கோடையின் இன்னொரு தொல்லை சர்காசம் என்னும் கடற்பாசி. 2011 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் அட்லாண்டிக்கிலிருந்து பெருமளவில் மிதந்து வருகிறது. வசந்தத்தில் தொடங்கி ஆகஸ்ட் வரை மிகுதி. கரையில் அழுகினால் கூமுட்டை நாற்றம் அடிக்கும். மெக்சிகோவின் கோஸ்டா மாயாவும் கிழக்கு நோக்கிய மற்றக் கடற்கரைகளும்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன. அதே வாரத்தில் கோஸுமெலின் மேற்குக் கரை தெளிவாக இருக்கும். தீவை முடிவு செய்யும்போது கடற்கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வரைபடத்தில் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

கூட்டத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். கோடையில் கப்பல் நிரம்பி வழியும். ஒரு கேபினுக்கு இருவர் என்ற கணக்கில்தான் கொள்ளளவைச் சொல்வார்கள். விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளிலும் பிள்ளைகள் இருப்பதால் அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது. கடலில் கழியும் நாட்களில் நீச்சல் குளத்தில் கால் வைக்க இடமிருக்காது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் பிற்பகலில் அதே குளம் காலியாக இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்குச் சறுக்குகள் எல்லாம் அந்த நேரத்தில்தான். பிள்ளைகள் இல்லாத தம்பதிகளுக்கு ஜூலைப் பயணத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்களில் திறந்துவிடுகின்றன. அதன் பிறகு கட்டணம் படிப்படியாக இறங்கும். செப்டம்பரில் திறக்கும் நியூ ஜெர்சி, நியூயார்க் குடும்பங்களுக்கு ஆகஸ்ட் கடைசி வாரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அதற்கு விலை புயல் உச்சம். எங்களைப் போன்ற தென் மாநிலத்தவர்க்கு ஜூன் முதல் வாரம்தான் நல்ல சமரசம்.

சாப்பாட்டில் பருவத்தால் எந்த மாற்றமும் இல்லை. சைவம் வேண்டுமானால் முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவிடுங்கள். சமையலறையில் இந்தியர்கள் பலர் இருப்பதால் மறுநாள் முதல் பருப்பும் சப்பாத்தியும் வந்துவிடும்.

ஊரிலிருந்து பெற்றோர் வருவதும் கோடையில்தான் என்பதால் அவர்களையும் அழைத்துப் போகிறோம். வெயில் அவர்களுக்குப் பொருட்டாக இருந்ததில்லை. சிறு படகில் இறங்க வேண்டிய தீவுகள்தான் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். கப்பல் நேராகத் துறைமேடையில் அணையும் வழித்தடமாகப் பாருங்கள். விமானத்தில் போய்க் கப்பல் ஏறுவதாக இருந்தால் முந்தின நாளே துறைமுக நகரம் சேர்ந்துவிடுங்கள். திரும்பிய மறுநாள் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பெரில் வாரத்தில் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய், கப்பல் மருத்துவரிடம் கூடுதல் பணம் கொடுத்து வாங்க நேர்ந்தது. அம்மா அப்பாவின் மருந்துகளை மூன்று நான்கு நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வைத்தால், ஏறும் நாளன்று அது கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடும்.