பென்னி வீட்டு மாப்பிள்ளை: ஸ்டார்டூ வேலியில் ஐந்து வருடம்

பென்னிக்கு ஆசையாக ஒரு பாட்டில் ஒயின் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் தோட்டத்துத் திராட்சையைப் பீப்பாயில் போட்டு ஒரு வாரம் காத்திருந்து எடுத்த ஒயின். வாங்கிக்கொண்டாள், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. அதுவரை சேர்த்து வைத்திருந்த நெருக்கத்தில் 40 புள்ளி போச்சு. ஸ்டார்டூ வேலி என்ற இந்த வீடியோ விளையாட்டில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஊரில் பாதிப் பேருக்கு அதே ஒயின் பிடிக்கிறது, இவளுக்கு மட்டும் என்ன?

பதில் கிடைக்கச் சில வாரம் ஆனது. பென்னி ஆற்றங்கரை ஓரம் ஒரு பழைய டிரெய்லர் வண்டி வீட்டில் அம்மா பாமுடன் குடியிருக்கிறாள். பாம் சாயங்காலமானால் சலூன் என்ற ஊர் மதுக்கடையில்தான் இருப்பார், கையில் பீர். பென்னிக்குப் பிடிக்காதவற்றின் பட்டியலைப் பிறகு பார்த்தேன். பீர், ஒயின், தேன்மது எல்லாம் இருக்கின்றன. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் வெறும் திராட்சையும் இருக்கிறது; பீருக்குப் போடும் ஹாப்ஸும் இருக்கிறது. சாராயமாக மாறக்கூடிய பழத்தைக்கூடத் தொட விரும்பாத ஒரு பெண். இதை எந்த வசனத்திலும் சொல்லவில்லை. பரிசுப் பட்டியலில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நான் இந்த விளையாட்டில் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

2020 ஊரடங்கில் ஸ்டார்டூ வேலியை வாங்கினேன். ஒருமுறை காசு கொடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு வந்த பெரிய புதுப்பிப்புகள் எல்லாம் இலவசம். முதல் பண்ணையில் விளையாட்டுக் கணக்குப்படி ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். அப்புறம் மனைவியோடு சேர்ந்து இன்னொரு பண்ணை. மொத்தம் 400 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. பத்து மணி நேரம் விளையாடிவிட்டு எழுதுகிறவர்கள் இதை ‘மனதுக்கு இதமான விளையாட்டு’ என்று முடித்துவிடுகிறார்கள். பத்து மணி நேரத்தில் யாருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது. எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகு நடந்தது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர், கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல், சியாட்டிலில் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே நாலரை வருடம் உட்கார்ந்து செய்தது இது. படம், இசை, கதை, நிரல் எல்லாம் அவர் ஒருவரே. 2016 பிப்ரவரி 26 அன்று கணினிக்கு வெளியானது. 2024 முடிவுக்குள் 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. விவசாயத்தையும் கல்யாணத்தையும் ஒரே விளையாட்டில் கட்டியது அவர் கண்டுபிடிப்பு அல்ல. 1996இல் ஜப்பானில் யாசுஹிரோ வாடா உருவாக்கிய ‘ஹார்வெஸ்ட் மூன்’தான் மூத்தது. அதில் பெண் கேட்க ஐந்து பேர் இருந்தார்கள். இங்கே ஆண் ஆறு, பெண் ஆறு, ஆகப் பன்னிரண்டு பேர். நீங்கள் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். விளையாட்டில் வரும் பெலிக்கன் டவுன் என்ற ஊரில் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

ஜோஜா என்ற பெரிய கம்பெனியில் அடைந்து கிடக்கும் ஆள், தாத்தா எழுதிவைத்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு அவருடைய பாழடைந்த பண்ணைக்கு வருகிறார். கையில் 500 காசு, ஊர்த்தலைவர் லூயிஸ் கொடுக்கும் 15 பார்ஸ்னிப் விதை. பார்ஸ்னிப் என்பது வெள்ளை நிறத்தில் கேரட் மாதிரி ஒரு கிழங்கு. நான்கு பருவம், பருவத்துக்கு 28 நாள். காலை ஆறு மணிக்கு எழுந்தால் இரவு இரண்டு மணிக்குள் படுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழுவீர்கள். அந்த ஒரு நாள் நம் கடிகாரத்தில் பதினான்கு நிமிடம் சொச்சம். ‘இன்னும் ஒரு நாள் மட்டும்’ என்று சொல்லியே ராத்திரி இரண்டரை மணி ஆக்கியிருக்கிறேன்.

முதல் வசந்தத்தில் 17ஆம் தேதி காலிஃபிளவர் நட்டேன். பன்னிரண்டு நாள் பயிர். 29ஆம் தேதி என்று ஒன்று அந்த மாதத்தில் கிடையாது. கோடை முதல் நாள் காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் கருகிக் கிடந்தது. ஒருநாள் முன்னால் நட்டிருந்தால் கைக்கு வந்திருக்கும்.

அப்பா கோபி பக்கம் மஞ்சளும் கரும்பும் வைத்துப் பிழைத்தவர். ஒருநாள் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பூசணி ஒன்று 320 காசு என்றதும், “ஊரே பூசணி போட்டாலும் 320 தானா?” என்றார். ஆமாம், எவ்வளவு கொட்டினாலும் விலை இறங்காது என்றேன். சிரித்தார். சோளக்கொல்லைப் பொம்மை வைத்தால் காக்காய் வராது என்பதைக் காட்டினேன். “சரி கண்ணு, மயிலுக்கு என்ன பண்ணுவ?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மயில் இல்லை, ஆள் கூலி இல்லை, வயலில் தண்ணீர் தேங்கி அழுகுவதும் இல்லை. விவசாயம் தெரிந்தவர்கள் அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளாமல் விடுவது நல்லது.

காதல் பகுதிக்கு வருகிறேன். இது கணக்குதான், அதை மறைக்க முடியாது. நெருக்கத்தை இதயமாக அளக்கிறார்கள்; ஒரு இதயம் என்பது 250 புள்ளி. தினமும் பேசினால் 20. வாரத்துக்கு இரண்டே பரிசு. ரொம்பப் பிடித்த பொருளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 80. ஆக வாரம் 300 புள்ளி. எட்டு இதயத்துக்கு 2000 புள்ளி, அதாவது ஏழு வாரம். பிறந்தநாளில் கொடுத்தால் எட்டு மடங்கு. பென்னிக்கு இலையுதிர்காலம் 2ஆம் தேதி பிறந்தநாள். கோடைக் கடைசியில் அறுத்த முலாம்பழம் ஒன்றை விற்காமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தேன். ஒரே நாளில் இரண்டரை இதயம். எட்டு இதயம் ஆனதும் பியர் என்பவருடைய மளிகைக் கடையில் 200 காசுக்குப் பூங்கொத்து வாங்கிக் கொடுத்தால் காதலர்கள்.

என்னை உறுத்துவது இதில் மறுப்பே இல்லை என்பதுதான். சரியான பொருளைச் சரியான நாளில் கொடுத்துக்கொண்டே இருந்தால் பன்னிரண்டு பேரில் யாராக இருந்தாலும் ஒருநாள் சம்மதித்தே ஆகவேண்டும். ஒரே சமயத்தில் ஆறு பெண்களுக்கும் பூங்கொத்து நீட்டலாம். எல்லோரிடமும் நெருக்கம் உச்சத்துக்குப் போனபின் ஒருநாள் அவர்கள் கூடி உட்கார்ந்து உங்களை விளாசுவார்கள். அதற்கும் வழி இருக்கிறது, அதிர்ஷ்டத்துக்கு வைக்கும் முயல்கால் ஒன்று பையில் இருந்தால் தப்பித்துவிடலாம். நான் முயன்று பார்க்கவில்லை. வீட்டில் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கல்யாணம் கேட்கும் வழி மட்டும் அழகு. கடற்கரையில் உடைந்த பாலத்தை 300 மரத்துண்டு போட்டுச் சரிசெய்து அந்தப் பக்கம் போனால், மழை நாளில் மட்டும் ஒரு கிழ மாலுமி நின்றுகொண்டிருப்பார். அவரிடம் 5000 காசுக்கு ஒரு சங்குப் பதக்கம் வாங்க வேண்டும். எனக்குப் பத்து இதயம் நிறைந்தது இரண்டாம் வருடப் பனிக்காலத்தில். பனிக்காலத்தில் மழை பெய்யாது. பருவம் முடியும்வரை காத்திருந்தேன். இதற்கிடையில் மூன்றாம் வருடம் முதல் நாள் தாத்தாவின் ஆவி வந்து பண்ணையை மதிப்பிடுகிறது. மொத்தம் 21 புள்ளி; 12 எடுத்தால் நான்கு மெழுகுவத்தியும் எரியும். அதில் ஒரு புள்ளி கல்யாணத்துக்கும் பெரிதாக்கிய வீட்டுக்கும் சேர்த்து. செத்த பிறகும் “எப்பப்பா கல்யாணம்?” என்று கேட்கிற தாத்தாவை அமெரிக்காக்காரர் ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. எனக்கு மூன்று மெழுகுவத்திதான் எரிந்தது. சில நாள் கழித்து மழை பெய்தது.

கல்யாணமான முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பென்னி சொன்னதையே சொல்ல ஆரம்பித்தாள். காதலிக்கும்போது ஒவ்வொரு இரண்டு இதயத்துக்கும் ஒரு கதை வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஜார்ஜ் தாத்தாவை நகர்த்தி உதவப் போய்த் திட்டு வாங்கினாள், எதையோ சமைத்து ருசி பார்க்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்தபின் அதெல்லாம் அநேகமாக நின்றுவிட்டது. பிற்பாடு ஒரு புதுப்பிப்பில் பதினான்காம் இதயத்துக்கு என்று ஒரு நிகழ்வு சேர்த்தார்கள், ஆளுக்கு ஒன்று. இத்தனை வருடக் குடித்தனத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. காலையில் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன் என்று சிரித்தபடி சொல்கிறாள். பண்ணை முழுக்கத் தண்ணீர் தெளிப்பான் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, அம்மணி.

பிள்ளை விஷயம் இன்னும் மோசம். பதினான்கு நாளில் பிறந்துவிடும். தவழும், அப்புறம் தத்தித் தத்தி ஓடும், அதோடு வளர்ச்சி நின்றுவிடும். என் மூத்தவளுக்கு ஆறு வயது ஆகியிருக்க வேண்டும். ஊரிலேயே ஒரே டீச்சரான பென்னியின் பெண், இன்னும் அம்மாவிடமே பாடம் படிக்கப் போகவில்லை. விவாகரத்து வேண்டுமென்றால் ஊர்த்தலைவர் வீட்டில் 50,000 காசு. பழைய துணைக்கு உங்கள் ஞாபகமே இல்லாமல் அழிக்கச் சூனியக்காரி குடிசையில் 30,000. அந்தக் குடிசைக்குள் ஒருமுறை போய் நின்றுவிட்டு ஒன்றும் செய்யாமல் திரும்பினேன்.

மனைவியோடு ஆடுவது வேறு அனுபவம். 2018இலேயே பலர் சேர்ந்து ஆடும் வசதி வந்துவிட்டது. 2020 டிசம்பரில் ஒரே திரையை இரண்டாகப் பிரித்து ஆடவும் முடிந்தது. இதில் நாம் இருவருமே ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளலாம். அதற்கு மோதிரம் செய்ய ஐந்து இரிடியம் கட்டியும் ஒரு பிரிஸ்மேட்டிக் கல்லும் வேண்டும். அந்தக் கல் சுரங்கத்தில் லேசில் கிடைக்காது. முதல் கல் அவளுக்குத்தான் கிடைத்தது. நேராகப் பாலைவனத்துக்குப் போய் மூன்று தூண்களுக்கு நடுவில் நின்று அதைக் கேலக்ஸி வாளாக மாற்றிக்கொண்டாள். “மோதிரம்?” என்றேன். “ஏங்க, ஏற்கெனவே ஒண்ணு கைல இருக்குதுல்ல” என்றாள்.

பிறகு டாக்டர் ஹார்வியைக் கல்யாணம் செய்துகொண்டாள். மீசை வைத்த, விமானி ஆக ஆசைப்பட்டு உயரம் என்றால் பயந்து நடுங்கும் டாக்டர். அவருக்குப் பிடித்தது காபியும் ஊறுகாயும். எங்கள் வீட்டில் எனக்கும் அதேதான் என்று நான் சுட்டிக்காட்டியது எடுபடவில்லை. கூட்டாக ஆடும்போது எல்லோரும் கட்டிலுக்குப் போனால்தான் நாள் முடியும். நான் படுத்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் சுரங்கத்தின் அடியில் வௌவாலை வெட்டிக்கொண்டிருப்பாள். எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் இதனால்தான்.

மற்றபடி சொல்ல அதிகம் இல்லை. கணினியில் உறங்கினால்தான் அந்த நாள் பதிவாகும். இரவு ஒரு மணிக்குக் கரண்ட் போய், மழையில் அரும்பாடுபட்டுப் பிடித்த பெரிய மீன் ஒன்றை இழந்திருக்கிறேன். மீன் பிடிப்பது ஆரம்பத்தில் எரிச்சலூட்டும், பழகிவிடும். திருவிழாக்கள் முதல் வருடம் கொண்டாட்டம், ஐந்தாம் வருடம் கடமை. 2024இல் வந்த 1.6 புதுப்பிப்பு கொஞ்சம் புது ரத்தம் பாய்ச்சியது. பன்னிரண்டு மொழிகளில் இருக்கிறது, தமிழ் இல்லை. அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொல்கிறேன்.

ஏழாம் வருடம்தான் தெரிந்தது, தச்சர் ராபினிடம் சொல்லி அந்த டிரெய்லரை எடுத்துவிட்டு வீடு கட்டித் தரலாம் என்று. 500,000 காசு, 950 மரம். காசுக்கு ஒரு பருவம் முழுக்கப் பீப்பாய் பீப்பாயாக ஒயின் விற்றேன். பென்னிக்கு நான் கொடுத்து அவள் முகம் சுருங்கிய அதே ஒயின். அவளோ கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்த வீடு மாமியாருக்கு. பாலும் முட்டையும் விற்று வாங்கிய எதுவும் அவ்வளவு பிடித்ததில்லை. மூன்று நாளில் கட்டி முடித்தார்கள்.

பாம் இன்னும் சாயங்காலம் சலூனுக்குத்தான் போகிறார். பீர் கொடுத்தால் அவருக்குக் கொள்ளைப் பிரியம், நெருக்கம் கிடுகிடுவென ஏறும். நான் கொடுப்பதில்லை. அவருக்கு அதே அளவு பிடித்த இன்னொன்று பார்ஸ்னிப். விதை 20 காசு. அதனால் ஒவ்வொரு வசந்தமும் முதல் நாள், எத்தனை இரிடியம் தெளிப்பான் இருந்தாலும், வாசல் பக்கம் ஒரு சின்னப் பாத்தி கட்டிப் பதினைந்து பார்ஸ்னிப் போட்டுக் கையால் தண்ணீர் ஊற்றுகிறேன். ஐந்தாம் நாள் பறித்து, வாரம் இரண்டாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.